இரண்டு மணி நேரம்

"ரெண்டு மணி நேரம் அடக்கணும்மா, முடியுமா?"
சிஸ்டர் ரெஜினா கேட்டதும் சிரிப்பு வந்தது.
குழாய் உள்ளே இருக்கும்போது சிரித்தால் வலிக்கிறது.
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

இருபத்தாறு வருஷம்
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதினவள் நான்.
களத்தில் தார்ப்பாய் இருந்தது, தராசு இருந்தது,
ஈரப்பதம் பார்க்கும் மெஷின் இருந்தது.
லோடுமேன்களுக்கு வரப்பு நீளத்துக்கும் இடம் இருந்தது.
எனக்கு ஒரு மறைவு இல்லை.
காலை எட்டுக்கு அடக்கினால்
மாலை ஆறரைக்கு, நீடாமங்கலத்தில், வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான்.
மாசி அறுவடையில் ஒன்பதும் ஆகும்.
தாகத்தை முதலில் அடக்கு, மற்றது தானே அடங்கும்.
மூன்று ஆறு பிரிகிற ஊர்க்காரி
ஒன்றரை டம்ளர் தண்ணீரில் பகலை ஓட்டினேன்.

அதனால்தான் வந்ததா, டாக்டர்?
"அப்படிச் சொல்ல முடியாதும்மா."
முடியாது என்றாரே தவிர
இல்லை என்று சொல்லவில்லை.

முதலில் ரத்தம். வலியே இல்லாத ரத்தம்.
தீட்டு நின்று நாலு வருஷம் கழித்து
திரும்பிவிட்டதாக்கும் என்று
மூன்று மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தஞ்சாவூரில் கால்களைத் தூக்கிக் கட்டித் திரையில் காட்டினார்கள்.
பயிற்சி டாக்டர்கள் ஐந்து பேர்.
ஒருவனுக்கு என் அக்கா மகன் வயசு,
அவன் மட்டும் தரையைப் பார்த்தான்.
இளஞ்சிவப்பாக ஓர் அறை.
சுவரில் பாசி போல ஒன்று, தண்ணீரில் அசைந்தபடி.
அழகாக இருந்தது.
இதைக் கலியமூர்த்தியிடம் சொல்லவில்லை.

சுரண்டி எடுத்தாயிற்று. இப்போது வாரம் ஒருமுறை, ஆறு வாரம்.
பிறந்த பிள்ளைக்குத் தோளில் போடும் அதே மருந்தாம்.
என் பழைய தழும்பைக் காட்டினேன்.
"அது பத்தாதும்மா" என்றார் ரெஜினா.

கால்மணிக்கு ஒருதரம் புரளவேண்டும்.
வலம், இடம், மல்லாக்க, குப்புற.
பதினேழுக்கு மேல் காட்டினால்
"காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்று நான் திருப்பி அனுப்பிய நெல்லெல்லாம்
தார்ரோட்டில் இப்படித்தான் புரண்டிருக்கும்.
பூவனூர் அஞ்சலாட்சி ஞாபகத்துக்கு வருகிறாள்.
பதினேழரைதான் காட்டியது.
எடுத்திருக்கலாம். அன்று ராத்திரி மழை.

விடும்போது
மிளகாய் அரைத்த கையை எங்கே வைக்கக்கூடாதோ அங்கே வைத்த மாதிரி.
கலியமூர்த்தி கதவுக்கு வெளியே நின்று
"ஆச்சா?" என்கிறார்.
கொஞ்சம் பொறுத்து மறுபடி "ஆச்சா?"
பிளீச்சிங் பவுடர் போட்டுக் கால்மணி கழித்துத்தான் தண்ணீர் ஊற்றலாம்.
சாக்கடைக்குத் தெளிப்பதை
எனக்குத் தெளிக்கிறேன்.

நாலாவது வாரம் தனியாகத் திரும்பினேன்.
சாலியமங்கலம் தாண்டி வந்துவிட்டது.
"தம்பி, பஸ்ஸை நிறுத்து."
பிறந்ததிலிருந்து நான் சொல்லாத வாக்கியம்.
"இந்தா அம்மாபேட்டை வந்துடும்மா, பத்து நிமிஷம்."
"பத்து நிமிஷம் எங்கிட்ட இல்ல!"
மூட்டை எண்ணுகிற குரல். பஸ் முழுக்கத் திரும்பியது.

பெட்ரோல் பங்க். ஒரு பையன் சாவியைத் தேடினான், தேடினான்.
உள்ளே வாளி இருந்தது, கொக்கி இல்லை.
ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
பல்லைக் கடித்தேன். கைப்பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினேன்.
கால்மணி நின்றேன், முழுசாக.
ஹாரன் இரண்டு தடவை.
அப்புறம் சத்தமில்லை. டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டாராம்.

ஏறும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கடைசி சீட்டிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள்,
மடியில் இருந்த பாத்திரப் பையைப்
பக்கத்துக்காரியிடம் கொடுத்துவிட்டு.
படியில் என்னைக் கடக்கும்போது
தாழ்ந்த குரலில் கேட்டாள்:
"சாவி யாருகிட்டக்கா இருக்கு?"